முன்னால் விழும் பந்து

அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நிற்க எனக்கு முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. வேறு வழியில்லை. வீட்டில் நாங்கள் வாங்கி வைத்திருந்த கண்ணாடி மெஷின் சமையலறையில் ஒரு எடை, கூடத்தில் ஒரு எடை என்று இஷ்டத்துக்குச் சொல்லும். மதுக்கரையில் எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் இருந்ததோ இரும்புப் பலகை வைத்த எலக்ட்ரானிக் தராசு. ஐம்பது கிராம் கூடினாலும் குறைந்தாலும் காட்டிவிடும். சனிக்கிழமை தோறும் காலையில், கூட்டம் சேர்வதற்கு முன் அங்கே போய்விடுவேன்.

கடைக்கார பாய் மரியாதை தெரிந்தவர். "ஏறுங்கக்கா" என்று சொல்லிவிட்டு உடனே திரும்பி நின்று பருப்பு டப்பாக்களை அடுக்க ஆரம்பிப்பார். நான் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு "சரிங்க பாய்" என்று சொல்லும் வரை அந்த டப்பாக்கள் அடுக்கி முடியாது.

ஜனவரியில் முதல் தடவை ஏறியபோது 91.600 காட்டியது.

அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. பக்கத்து மேல்நிலைப் பள்ளி அலுவலகத்தில் கிளார்க். அப்பாவும் அம்மாவும் கிணத்துக்கடவுப் பக்கம் தோட்டந்தோட்டமாகக் கூலிக்குப் போனவர்கள். எங்கள் வம்சத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். இருபது வருடம் அப்படி உட்கார்ந்ததில் உடம்பு பூசியது, பிறகு பருத்தது, பிறகு மூச்சு வாங்கியது. எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு மட்டும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. சர்ச்சில் யாராவது "உங்க பொண்ணு நல்லா சதை போட்டிருக்குது" என்று சொன்னால் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிடும். "பின்ன? உக்காந்து சம்பாதிக்கற ஒடம்புங்க அது" என்பாள்.

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு முழங்கால் வலிக்கு டாக்டரிடம் போனேன். அவர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை கோட்டின் மேல் நிற்கிறது என்றார். "இப்ப மாத்திரை எழுதலீங்க. ஆறு மாசம் தர்றேன். எடையைக் கொறைச்சுட்டு வாங்க."

அன்றைக்கே தொடங்கிவிட்டேன். சோறு ஒரு கரண்டி, காய் இரண்டு கரண்டி. பேக்கரிப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. விடியற்காலை நடை. அதற்குத் துணை கிடைத்ததுதான் பெரிய அதிர்ஷ்டம். பாயின் மனைவிக்கும் கடைக்குள் நின்று நின்று குதிகால் வலி. தொழுகை முடித்துவிட்டு ஐந்தரைக்கு எங்கள் கேட்டில் வந்து நிற்பார். என்னைவிட நாலு வயது சின்னவர். ரயில் தண்டவாளத்தை ஒட்டிய சாலையில், சிமெண்ட் லாரிகளின் புழுதி கிளம்புவதற்குள் போய்த் திரும்பிவிடுவோம்.

முதல் பத்து வாரம் கொண்டாட்டம்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு நல்ல செய்தி. மார்ச் நடுவில் 87.900. நான் கடையிலிருந்து வீட்டுக்கு ஓடாத குறை. பட்டறையில் லேத் ஓட்டும் என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தவர், பொத்தானைப் போடாமலே கை கொடுத்தார்.

அதற்குப் பிறகு தராசு நின்றுபோனது.

88.150. 87.850. 88.000. 87.950. நடை நிற்கவில்லை, சோறு கூடவில்லை. ஈஸ்டருக்குக்கூட பிரியாணியை மோந்து பார்த்ததோடு சரி. இரவுச் சோற்றை விட்டுவிட்டு ராகிக் கூழுக்கு மாறினேன். கொள்ளு ரசம் குடித்துக் குடித்து வாயெல்லாம் அந்த வாசனை. எண் மட்டும் அசையவில்லை. நூறு கிராம் இறங்கினால் அடுத்த வாரம் நூற்றைம்பது ஏறும். மே மாதம் முழுக்கப் பள்ளிக்கு விடுமுறை, அலுவலகத்துக்கு இல்லை. ஆளில்லாத கட்டிடத்தில் மாற்றுச் சான்றிதழ்களை எழுதிக்கொண்டே, நான் என்ன தப்பு செய்தேன் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

ஜூன் முதல் சனிக்கிழமை 88.200. இறங்கிச் செருப்பை மாட்டினேன். "சரிங்க பாய்" என்று சொன்னேனா என்றுகூட நினைவில்லை. நேராக பேக்கரிக்குப் போய் உட்கார்ந்து ஒரு தேங்காய் பன், இரண்டு முட்டை பப்ஸ், சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. தின்று முடித்தபோது ருசியும் தெரியவில்லை, வருத்தமும் தெரியவில்லை. இரண்டு நாள் நடக்கப் போகவில்லை. கேட் சத்தம் கேட்டும் போர்வையை இழுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பாயின் மனைவி கேட்டோடு நிற்கவில்லை. உள்ளேயே வந்துவிட்டார்.

"ஏனுங்கக்கா, ஒடம்பு கிடம்பு சொகமில்லீங்களா?"

"ஒடம்புக்கென்ன, குத்துக்கல்லாட்டந்தான் இருக்குது. அசையவே மாட்டேங்குதுல்ல? நீங்க போயிட்டு வாங்க அம்மணி. நான் நிறுத்திப்போட்டேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் தனியா எப்படிங்க போறது? மேம்பாலத்துக்கிட்ட நாலு நாய் இருக்குதே. நீங்க குச்சி வெச்சிருந்தாத்தான் அதுக பயப்படும்."

அந்தக் காரணத்தை என்னால் மறுக்க முடியவில்லை. எழுந்து முகம் கழுவினேன். பாதி வழியில் அவர் சொன்னார்: "இன்னொண்ணு செஞ்சுபோட்டேன். கோவிச்சுக்காதீங்க. உங்களைத் தராசுல ஏத்தக்கூடாதுன்னு கடையில சொல்லிப்போட்டேன். ரெண்டு மாசத்துக்கு."

நான் சிரித்தேன். அடுத்த சனிக்கிழமை அவர் இல்லாத நேரம் பார்த்துக் கடைக்குப் போனேன். பாய் என்னைக் கண்டதும் தராசின் மேல் ஒரு வெங்காயச் சாக்கைத் தூக்கி வைத்தார்.

"பேட்டரி தீந்துபோச்சுங்கக்கா."

சாக்குக்கு மேலே சிவப்பு எழுத்தில் 42.350 பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். "எப்பங்க பேட்டரி மாத்துவீங்க?" என்றேன். அவர் மேலே பார்த்துக்கொண்டே, "ஊட்ல கேட்டுத்தான் சொல்லோணுங்க" என்றார். வெறுங்கையோடு போகக் கூடாது என்று கால் கிலோ கடுகு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

பள்ளி திறந்த இரண்டாம் வாரம் அது நடந்தது. மாலை நாலரை இருக்கும். மைதானத்திலிருந்து ஒரு பந்து உருண்டு அலுவலக வராந்தாவுக்கு வந்தது. த்ரோபால் ஆடிக்கொண்டிருந்த பெண் பிள்ளைகள் "மேடம், மேடம்" என்று கத்தினார்கள். நான் பந்தை எடுத்து, யோசிக்காமல், ஒரு கையால் தோளுக்கு மேலே தூக்கி வீசினேன். பந்து கொடிக்கம்பத்தைத் தாண்டி, மொத்த மைதானத்தையும் கடந்து, நெட்டுக்கு அருகில் நின்ற பிள்ளையின் கையில் போய் விழுந்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். எனக்கே தோள் ஜிவ்வென்றது. பள்ளிக்கூட நாட்களில் ஆறு வருடம் ஆடிய கை. அதற்குப் பின் இருபத்தைந்து வருடம் பேனாதான் பிடித்திருக்கிறது.

பி.டி. டீச்சர் விசிலை வாயில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்தெட்டு வயதுப் பெண். பேச்சில் வளைவு நெளிவு கிடையாது. மறுநாள் காலை என் மேசை முன்னால் வந்து நின்றார்.

"அக்கா, ஆடி மாசம் பொள்ளாச்சியில பள்ளிக்கூடத்து லேடீஸ் ஸ்டாஃபுக்கு த்ரோபால் மேட்ச் இருக்குதுங்க. ஏழு பேர் வேணும். ஆறு பேர்தான் கெடைச்சிருக்காங்க. நீங்க ஏழாவது."

"என்னைப் பாத்துமா கேக்கறீங்க டீச்சர்?"

"கையைப் பாத்துத்தான் கேக்கறேன். சாயங்காலம் வந்துருங்க. சுடிதார் இருக்குதுங்களா?"

இருந்தது. ஆனால் மைதானத்தில் இறங்கிப் பார்த்தால் கைக்கு மட்டும்தான் ஆட்டம் நினைவிருந்தது, காலுக்கு இல்லை. த்ரோபாலில் பந்தைத் தட்டக்கூடாது. பிடிக்க வேண்டும், பிடித்த மூன்று நொடிக்குள் எதிர்ப்பக்கம் எறிய வேண்டும். நெஞ்சுக்கு வரும் பந்தை எல்லாம் பிடித்தேன். தலைக்கு மேலே வந்ததையும் பிடித்தேன். காலடிக்கு முன்னால் விழுந்ததை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். குனியப் போனால் வயிறு குறுக்கே வரும், முழங்கால் கூச்சலிடும், அதற்குள் பந்து தரையில்.

அந்த வாரக் கடைசியில் பக்கத்து ஊர்ப் பள்ளி டீச்சர்களோடு ஒரு பயிற்சி ஆட்டம். எல்லாம் இளவட்டம். ஐந்தாவது பாயிண்டிலேயே அவர்கள் கேப்டன் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "அந்தக்கா முன்னாடி போடுங்க. குனிய மாட்டாங்க" என்று அவர் சொன்னது வன்மமாக இல்லை. கணக்கு டீச்சர் விடை சொல்வது போலத்தான் இருந்தது. அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது. அதன் பிறகு வந்த பந்தெல்லாம் நெட்டைத் தாண்டியதும் என் முன்னால் பொத் பொத்தென்று விழுந்தது. பதினைந்துக்கு ஆறு என்று தோற்றோம். அந்தப் பதினைந்தில் ஒன்பது என் காலடியில்.

வீட்டுக்கு வந்து அழவில்லை. கொதித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் விடியற்காலை நடையில் பாயின் மனைவியிடம் அத்தனையும் கொட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே வந்து, பள்ளி கேட்டருகில் நின்றார்.

"அந்தப் பந்து எங்கக்கா இருக்குது?"

வாட்ச்மேனைக் கேட்டு ஸ்போர்ட்ஸ் ரூமைத் திறந்தோம். அவர் பர்தாவின் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நெட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். "சின்ன வயசுல கோட்டைமேட்டுல எங்கூட்டு மொட்டைமாடியில அண்ணம்மாரோட தெனமும் பந்து வெளையாட்டுங்க. பாத்துக்குங்க, வாரேன்" என்று சொல்லி எறிந்தார். சரியாக என் கட்டைவிரலுக்கு ஒரு சாண் முன்னால் விழுந்தது. அவ்வளவு நாள் அந்தக் கை மிளகாய்த்தூள் பொட்டலம் மடித்துக்கொண்டு இருந்திருக்கிறது.

அன்று ஐம்பது பந்து போட்டார். நான் பிடித்தது ஏழு.

மறுநாள் ஒன்பது. பிறகு எட்டு. பிறகு பதிமூன்று. நடையைப் பாதி தூரமாகக் குறைத்துக்கொண்டு மீதி நேரம் மைதானத்தில். காலண்டர் தாளின் பின்னால் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். பதினொன்று என்று எழுதிய நாளும் உண்டு. ஆனால் அதற்கடுத்த நாள் பதினாறு. தராசில் மூன்று மாதம் தவம் கிடந்தும் அசையாத எண்ணுக்குப் பதிலாக, தினம் காலையில் உயிரோடு குதிக்கிற ஒரு எண் எனக்குக் கிடைத்துவிட்டது. ராத்திரி படுக்கும்போது நாளைக்கு எத்தனை என்ற நினைப்போடு படுப்பேன். ஐந்து மணிக்கு அலாரம் அடிக்கும் முன்னால் கண் விழித்துக்கொள்ளும். பன்னும் பப்ஸும் ஞாபகத்துக்கே வரவில்லை. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் குனிய முடியாது என்பதை முழங்கால் எனக்குச் சொல்லிவிட்டது. டாக்டர் சொன்னபோது கேட்காத மனசு முழங்கால் சொன்னபோது கேட்டது.

இருபதைத் தொட்ட அன்று நாங்கள் இருவரும் மைதானத்தின் நடுவில் கைகோத்துக்கொண்டு சுற்றினோம். வாட்ச்மேன் ஏதோ விபரீதம் என்று ஓடி வந்தார்.

அம்மாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. ஒரு நாள் காலையில் பால் வாங்கப் போனவள் பள்ளிச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்திருக்கிறாள். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் என் மேல்கையைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள்.

"எங்க கண்ணு சதையெல்லாம்? கரைஞ்சு போச்சே. யாராச்சும் கேட்டா நான் என்ன சொல்றது? சீக்குன்னு நெனைக்க மாட்டாங்களா?"

"நெசமாவாம்மா? கரைஞ்சிருக்குதா?" நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். தராசைவிட அம்மாவின் கை எனக்கு நம்பிக்கையாக இருந்தது. அவளோ சிரிக்கவில்லை. அடுப்படியில் போய் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்:

"நீ குனிஞ்சு குனிஞ்சு எந்திரிக்கறதைப் பாத்தேன். களைவெட்டுல நான் குனிஞ்சாப்புலயே இருந்துச்சு. நாப்பது வருசம் குனிஞ்சேனே எதுக்கு? என்ற புள்ள குனியக்கூடாதுன்னுதான? நீ என்னடான்னா வெடியால எந்திரிச்சுப் போயி, கூலியுமில்லாம, அம்பது தடவை குனியற."

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அப்படித் தரையில் உட்காருவதே பல வருடம் கழித்து. "எனக்குப் புடிச்சிருக்குதும்மா" என்றேன். "யாரும் குனியச் சொல்லலை. நானாத்தான் குனியறேன்." அவள் எழுந்து இரண்டு முட்டையை வேக வைத்து என் முன்னால் வைத்தாள். பேச்சை அதோடு முடித்துக்கொள்கிறேன் என்பதை அவள் எப்போதும் அப்படித்தான் சொல்வாள்.

ஆடிக் காற்று தொடங்கியது. பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற அந்தக் காற்று மதுக்கரையில் நிற்பவரை நகர்த்தும். பந்து ஒரு பக்கம் கிளம்பி இன்னொரு பக்கம் இறங்கும். பாயின் மனைவி காற்றையும் சேர்த்துக்கொண்டு எறியப் பழகிவிட்டார். நான் ஓடி ஓடிக் குனிந்தேன். சுவரில் முப்பத்தி நாலு, முப்பத்தியொன்று, முப்பத்தி ஏழு. சாயங்காலப் பயிற்சியில் பி.டி. டீச்சர் என்னை முன்வரிசையில் வலப்பக்கம் நிறுத்தினார். "பின்னாடி போட்டுருங்களேன் டீச்சர், பயமா இருக்குது" என்றேன். "முன்னாடிதான் உங்களுக்கு வேலை இருக்குதுங்க" என்றார்.

போட்டி ஒரு சனிக்கிழமை. வேனில் ஏழு ஆட்டக்காரர்கள், விசிலோடு பி.டி. டீச்சர், தண்ணீர் கேன், வாழைப்பழத் தார், அம்மா. ஆமாம், அம்மாவும் ஏறிவிட்டாள். "பொள்ளாச்சியில எனக்கொரு சோலி இருக்குது" என்றாள். என்ன சோலி என்று யாரும் கேட்கவில்லை. பாயின் மனைவியால் கடையை விட்டு வர முடியவில்லை. விடியற்காலையிலேயே கேட்டில் வந்து ஒரு டப்பா பேரீச்சம்பழத்தைக் கொடுத்துவிட்டு, என் இரண்டு முழங்காலையும் தொட்டு வாய்க்குள் ஏதோ ஓதிவிட்டுப் போனார்.

முதல் ஆட்டம் சுலபமாக முடிந்தது. அரையிறுதியில் எதிரே வந்து நின்றது அதே பக்கத்து ஊர்ப் பள்ளி. அதே கேப்டன். என்னைப் பார்த்துப் பிரியமாகச் சிரித்தார். "நல்லா இருக்கீங்களாக்கா?"

"நல்லா இருக்கேனுங்க" என்றேன்.

முதல் பந்தே என் முன்னால் வந்தது. எனக்குத் தெரியும் வரும் என்று. வலது காலை முன்னால் போட்டு, இடது முட்டி தரையைத் தொடுகிற அளவுக்கு இறங்கி, இரண்டு கையையும் பந்துக்கு அடியில் கொடுத்தேன். கையில் அது வந்து உட்கார்ந்த அந்தக் கனம்! எழுந்து எறிந்தேன். பின்கோட்டின் ஓரத்தில் விழுந்தது. எங்கள் பாயிண்ட். அந்தக் கேப்டன் சும்மா தற்செயல் என்று நினைத்திருக்க வேண்டும். இரண்டாவதும் அங்கேயே போட்டார். எடுத்தேன். மூன்றாவது. எடுத்தேன். நாலாவதை விட்டேன், ஐந்தாவதை எடுத்தேன். அவர்கள் கூடிப் பேசிக்கொண்டதைப் பார்த்தபோது, கணக்கு மாறிவிட்டது டீச்சர், திரும்பப் போடுங்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது.

பதினைந்துக்குப் பதினொன்று, முதல் செட் எங்களுக்கு. இரண்டாவதில் அவர்கள் என்னை விட்டுவிட்டு மற்றவர்களைத் தேடினார்கள். ஒன்பதுக்குப் பதினைந்து என்று போனது. மூன்றாவது செட் பதிமூன்றுக்குப் பதிமூன்று. எனக்குச் சுடிதார் முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் மூச்சு இருந்தது. அதை நான் கவனித்தேன். ஜனவரியில் அலுவலக மாடிப்படி ஏறிவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், மூன்றாவது செட்டின் கடைசியில் மூச்சோடு நிற்கிறேன்.

அப்போது அவர்கள் திரும்பவும் என் முன்னால் போட்டார்கள். உயரமாக வந்து, காற்றில் தயங்கி, நான் நினைத்ததற்கு இரண்டடி தள்ளி இறங்கியது. அந்த நேரத்தில் கோட்டுக்கு வெளியிலிருந்து ஒரு குரல். களைக்காட்டில் நாலு வரப்பு தாண்டிக் கேட்கும் குரல்.

"குனி கண்ணு! குனி!"

குனிந்தேன். விழுந்தேன் என்றும் சொல்லலாம். பந்து என் விரல்களில் இருந்தது. முட்டியிலேயே நின்று எறிந்தேன். அந்தப் பக்கம் யாரும் எதிர்பார்க்கவில்லை. பதினாலு. எங்கள் அடுத்த சர்வீஸை அவர்கள் திருப்பி எறிந்தபோது பந்து நெட்டில் மாட்டியது. பதினைந்து! பி.டி. டீச்சர் விசிலைத் துப்பிவிட்டு ஓடி வந்து என்னைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து சிரித்துக்கொண்டு தரையில் சரிந்தோம். அந்தக் கேப்டன் வந்து கையை நீட்டி என்னை எழுப்பிவிட்டார். "இனிமே உங்க முன்னாடி போட மாட்டனுங்கக்கா" என்றார். அம்மா கோட்டருகில் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள், அடுத்து அவள்தான் இறங்கப் போகிறாள் என்பது போல.

இறுதியாட்டத்தில் பவானிப் பக்கத்து அணியிடம் தோற்றோம். பத்துக்குப் பதினைந்து, பதிமூன்றுக்குப் பதினைந்து. தோற்றதைச் சொல்லும்போதும் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. அவர்கள் முன்வரிசையில் ஒரு சத்துணவு அமைப்பாளர் அம்மா. ஐம்பதைத் தாண்டியவர், என்னைவிடப் பருமன். நான் அவர் காலடியில் போட்ட பந்தை எல்லாம் கீரை பறிப்பது போல எடுத்தார். ஆட்டம் முடிந்ததும் அவரிடம் ஓடினேன்.

"எப்படீங்கக்கா இப்படி எடுக்கறீங்க?"

"நான் பதினெட்டு வருசமா ஆடறேன் அம்மணி. நீங்க?"

"ஏழு வாரமாங்க."

அவர் என் தோளில் ஒரு அடி வைத்தார். "ஏழு வாரமா! அடுத்த வருசம் உங்களைக் கண்டா நான் பயப்படோணுமாட்ட இருக்குதே!" வேனில் திரும்பி வரும் வழியெல்லாம் நான் அதையே நாலு பேரிடம் நாலு விதமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை தடை நீங்கியது. பாயும் அவர் மனைவியும் சேர்ந்தே தராசைத் துடைத்து வைத்திருந்தார்கள். பாய் பழக்கப்படி டப்பாக்கள் பக்கம் திரும்பினார். 86.250. இரண்டு மாதத்துக்கு இரண்டு கிலோ, அதுவும் முழுசாக இல்லை. ஜூன் மாதத்து நானாக இருந்தால் இதற்காகவா இவ்வளவு பாடு என்று நேராக பேக்கரிக்குப் போயிருப்பேன். இப்போது எனக்கு அவசரம் வேறு. "நேத்து எத்தனை?" என்று பாயின் மனைவி கேட்டார். "நாப்பத்தி ரெண்டு" என்றேன். இரண்டு பேரும் கைதட்டிக்கொண்டோம். பாய் திரும்பாமலே, "நாப்பத்தி ரெண்டு கிலோவா கொறைஞ்சுது?" என்று பதறினார்.

டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, கோட்டுக்குக் கீழே வந்திருக்கிறது என்றார். மாத்திரை வேண்டாம், விடாமல் செய்யுங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள். என்ன செய்கிறேன் என்று அவர் கேட்டார். நான் சொல்லத் தொடங்கி, பதிமூன்றுக்குப் பதிமூன்று வரை வந்ததும் வெளியே காத்திருந்தவர்களை நர்ஸ் காட்டினார். பாதியில் நிறுத்திவிட்டு வந்தேன்.

எடை இப்போதும் அவசரப்படுவதில்லை. சில வாரம் இறங்கும், சில வாரம் முரண்டு பிடித்து நிற்கும். தராசில் மாதம் ஒரு தடவைதான் ஏறுகிறேன். விடியற்காலை மைதானத்துக்கு ஆள் சேர்ந்துவிட்டது. முதலில் சுவர் வழியே எட்டிப் பார்த்த பால்காரம்மா, பிறகு அவர் நாத்தனார், எங்கள் பள்ளி ஆயா, சர்ச் பாடகர் குழுவிலிருந்து இரண்டு பேர், பேக்கரிக்காரரின் மனைவி. போன சனிக்கிழமை எண்ணிப் பார்த்தால் பதினாலு பேர். இரண்டு முழு அணி! பி.டி. டீச்சர் விசிலோடு வந்து நின்று, யார் எந்தப் பக்கம் என்று பிரித்தார். பாயின் மனைவி எனக்கு எதிர் அணி. சர்வீஸ் அவருக்கு. பர்தாவின் கையைச் சுருட்டிக்கொண்டு, பந்தை இரண்டு தடவை தரையில் தட்டி, நெட்டுக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்தார்.

"வாரேனுங்கக்கா!"

"வாங்க, வாங்க!" என்று கத்திக்கொண்டே முட்டியை மடக்கி நின்றேன்.